திபெத்திய குணப்படுத்தும் யோகா: டீச்சர் ஆக எவ்வளவு காலம் படிக்கணும்? சர்ட்டிஃபிகேட் வாங்கினால் சிகிச்சை தரலாமா?

யோகா டீச்சர் ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் இப்போது ரிஷிகேஷ், மைசூரு என்று மட்டும் தேடுவதில்லை. லூ ஜோங், நேஜாங், யந்திர யோகா, ட்சா லுங் என்று வாயில் சட்டென்று நுழையாத பெயர்களோடு விளம்பரங்கள் போனில் வந்து விழுகின்றன. 'திபெத்திய துறவிகள் ரகசியமாகக் காத்துவந்த குணப்படுத்தும் யோகா. சில நாட்களில் நீங்களும் டீச்சர் ஆகலாம்' என்பதுதான் பெரும்பாலும் அவை சொல்வதன் சாரம்.

இதில் உண்மை இருக்கிறது. பெயர்கள் நிஜம், பயிற்சிகள் நிஜம், ரகசியமாக வைத்திருந்ததும் நிஜம். சிக்கல் வருவது 'சில நாட்களில்', 'குணப்படுத்தும்' என்ற இரண்டு இடங்களில். முதலாவதை நம்பிப் பணம் கட்டுகிறவர் ஒருவர். இரண்டாவதை நம்பி அவருடைய வகுப்புக்கு வரப்போகும் நோயாளி இன்னொருவர். இரண்டு பேருக்குமே தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள் இவை.

திபெத்திய யோகா என்றால் என்ன?

முதலில், அப்படி ஒரே ஒரு பயிற்சி கிடையாது. திபெத்தில் உடல் அசைவு, மூச்சு, மனக் கவனம் மூன்றையும் சேர்த்துச் செய்யும் பயிற்சிகளுக்குப் பொதுவான பெயர் 'ட்ரூல்கோர்'. சமஸ்கிருதத்தில் 'யந்திரம்' என்பதற்கு இணையான திபெத்தியச் சொல் இது. இன்றைய திபெத்திய மொழியில் மெஷினுக்கும் இதே சொல்தான். நம்ம ஊர் 'இயந்திரம்' போலவே.

திபெத்திய பௌத்தத்தின் ஒவ்வொரு பிரிவும் தனக்கென்று ட்ரூல்கோர் தொகுப்புகளை வைத்திருக்கிறது. பௌத்தத்தோடு சேர்ந்து வாழ்ந்துவரும் 'பொன்' என்ற மரபுக்கும் சொந்தத் தொகுப்பு உண்டு. இன்று வெளியாட்களுக்குக் கற்றுத்தரப்படுபவை இந்தக் கடலில் இருந்து எடுத்த சில குடங்கள்தான்.

லூ ஜோங் என்றால் 'உடல் பயிற்சி' என்று பொருள். நேஜாங் என்றால் 'இடங்களைச் சுத்தப்படுத்துதல்'. இங்கே இடம் என்பது உடம்பில் உள்ள ஆற்றல் மையங்கள். இது காலச்சக்கர மரபில் இருந்து வருவதாகச் சொல்கிறார்கள். கும் நியே என்பது மெதுவான அசைவும் தளர்வும் தடவலும் கலந்தது. யந்திர யோகா, 8-ம் நூற்றாண்டில் வாழ்ந்த வைரோச்சனர் எழுதியதாக மரபு சொல்லும் ஒரு நூலை அடிப்படையாகக் கொண்டது. 'சூரிய சந்திர இணைவு' என்பது அந்த நூலின் பெயர். அதில் 108 அசைவுகள் உண்டு. ட்சா லுங் பயிற்சிகள் பொன் மரபின் வழியாக அதிகம் பரவியவை. உடம்பில் ஓடும் ஐந்து வாயுக்களுக்கு ஐந்து அசைவுகள் என்பது அதன் அமைப்பு.

ஐந்து வாயு என்றதும் பிராணன், அபானன் என்று ஞாபகம் வருகிறதா? சரிதான், வேர் ஒன்றுதான். இந்தப் பயிற்சிகளில் பெரும்பகுதி இந்தியாவில் இருந்து போனவை. வங்காளம், பிஹார் பகுதிகளில் இருந்த தாந்திரிக பௌத்த சித்தர்களிடம் 11-ம் நூற்றாண்டில் திபெத்தியர்கள் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். நாரோபாவிடம் மார்பா, மார்பாவிடம் மிலரேபா என்று போகும் குருவரிசை திபெத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. ஹட யோக முறைகளைச் சொல்லும் மிகப் பழைய நூல்களில் ஒன்றான 'அமிர்த சித்தி'யும், சமஸ்கிருதம், திபெத்தியம் இரண்டிலும் எழுதப்பட்ட ஒரு கையெழுத்துப் பிரதியாகக் கிடைத்திருக்கிறது.

நாம் செய்யும் யோகாவில் இருந்து எங்கே வேறுபடுகிறது?

பார்ப்பதற்கு ஆசனம் மாதிரியே இருக்கும். ஆனால் ஒரே நிலையில் வெகுநேரம் நிற்பது இதில் குறைவு. அசைவு, மூச்சு, மூச்சை நிறுத்துதல், விடுதல், மறுபடி அசைவு என்று தொடர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். யந்திர யோகாவில் ஒவ்வொரு அசைவுக்கும் எண்ணிக்கை உண்டு. எந்த எண்ணில் மூச்சு உள்ளே போகணும், எந்த எண்ணில் நிற்கணும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டது. மூச்சை நிறுத்துவதிலேயே ஐந்து வகை சொல்லப்படுகிறது.

பல மரபுகளில் பயிற்சி தொடங்குவது ஒன்பது மூச்சுகளோடுதான். ஒரு நாசித் துளையை மூடி மறு துளை வழியாக மூன்று முறை, பிறகு துளையை மாற்றி மூன்று முறை, கடைசியில் இரண்டு வழியாகவும் மூன்று முறை. தேங்கிப்போன காற்று வெளியேறுவதாக மனதில் நினைத்துக்கொண்டு செய்ய வேண்டும். எளிமையாக இருப்பதால் ஆரம்ப வகுப்பிலேயே இதைச் சொல்லித் தந்துவிடுகிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு உடல் வரைபடம் இருக்கிறது. 'ட்சா' என்றால் நாடி, 'லுங்' என்றால் வாயு, 'திக்லே' என்றால் விந்து அல்லது துளி. நடுவில் ஒரு நாடி, இருபுறமும் இரண்டு. நம் பக்கத்தில் சுழுமுனை, இடகலை, பிங்கலை என்று சொல்வதோடு இதை ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளலாம். வாயுவை அடிவயிற்றில் இறக்கி நிறுத்துவதற்குத் திபெத்தியர்கள் சொல்லும் பெயர் 'குட மூச்சு'. நாம் கும்பகம் என்று சொல்வதிலும் இருப்பது அதே கும்பம்தான்.

இது மரபு சொல்லும் வரைபடம். உடற்கூறியல் பாடத்தில் இந்த நாடிகளைத் தேடினால் கிடைக்காது. டீச்சர் ஆகப்போகிறவர் இரண்டு மொழியையும் குழப்பாமல் பேசத் தெரிந்திருக்க வேண்டும். 'இந்த அசைவு கல்லீரலைச் சுத்தப்படுத்துகிறது' என்று வகுப்பில் ஒருவர் சொன்னால், அது மரபின் மொழியா, மருத்துவத்தின் மொழியா என்பதை மாணவர் கேட்கலாம். கேட்கணும்.

அந்தக் காலத்தில் எப்படிக் கற்றார்கள்?

குறுகிய கால கோர்ஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. பல மரபுகளில் ட்ரூல்கோர் என்பது 3 ஆண்டு, 3 மாதம், 3 நாள் நீளும் தனிமைத் தவத்தின் ஒரு பகுதி. அதற்கு முன்பே ஆயத்தப் பயிற்சிகளை முடித்திருக்க வேண்டும். ஒரு லட்சம் முறை விழுந்து வணங்குவதும் அதில் ஒன்று. அதன் பிறகுதான் குரு அனுமதி தருவார்.

அந்த அனுமதிக்கும் படிகள் உண்டு. 'வாங்' என்பது தீட்சை. 'லுங்' என்பது மூல நூலை குரு வாசிக்க மாணவர் காதால் கேட்பது. 'ட்ரி' என்பது விளக்கம். வாயுவுக்கும் லுங், வாசிப்புக்கும் லுங் என்று வருகிறதே என்று குழம்ப வேண்டாம். காதுக்கு ஒன்றுபோல் கேட்டாலும் திபெத்திய எழுத்தில் இரண்டும் வேறு வேறு.

ஹிமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் தாஷி ஜோங் என்ற திபெத்தியக் குடியிருப்பு இருக்கிறது. அங்குள்ள கம்பகர் மடாலயத்தைச் சேர்ந்த 'தோக்தென்' எனப்படும் யோகிகள், நீண்ட சடைமுடியும் வெள்ளை ஆடையுமாக இந்தப் பயிற்சியைத் தொடர்கிறார்கள். வாழ்நாளின் பெரும்பகுதி தவத்திலேயே போய்விடும். கடினமான ட்ரூல்கோர் அசைவுகளில் ஒன்று, எகிறிக் குதித்து அந்தரத்திலேயே கால்களைச் சம்மணமாக மடக்கித் தரையில் விழுவது. இதை யாரும் வார இறுதி வகுப்பில் சொல்லித் தருவதில்லை. தரக் கூடாது என்பதற்கு முதுகெலும்பு ஒன்றே போதுமான காரணம்.

லாசாவில் பொட்டாலா அரண்மனைக்குப் பின்னால், ஏரிக்கு நடுவே லுக்காங் என்ற சிறிய கோயில் இருக்கிறது. அதன் மேல்தளச் சுவர்களில் யோகிகள் இந்த அசைவுகளைச் செய்யும் ஓவியங்கள் இருக்கின்றன. தலாய் லாமாக்கள் தனிமையில் தியானம் செய்த இடம் அது. பொதுமக்கள் பார்வைக்கு வராத படங்கள். 2015-ல் லண்டனில் உள்ள வெல்கம் கலெக்‌ஷன் அருங்காட்சியகம் அந்தச் சுவரோவியங்களின் புகைப்படப் பதிவுகளை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தியது. ரகசியமாக இருந்தது எவ்வளவு தூரம் வெளியே வந்துவிட்டது என்பதற்கு அது ஒரு அடையாளம்.

அப்படியென்றால் வெளியே வந்தது எப்படி?

1959-ல் தலாய் லாமா இந்தியாவுக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான திபெத்தியர்கள் வந்தார்கள். லாசாவில் 1696-ல் தொடங்கப்பட்ட சாக்போரி மருத்துவக் கல்லூரி அதே 1959-ல் தரைமட்டமானது. கற்றவர்கள் சிதறிப்போனார்கள். ஒரு குரு இறந்தால் அவரோடு ஒரு பயிற்சியும் போய்விடும் என்ற நிலை. ரகசியத்தைக் காப்பதா, பயிற்சியைக் காப்பதா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. சிலர் பயிற்சியைக் காப்பாற்ற முடிவு செய்தார்கள்.

நம்காய் நோர்பு அவர்களில் முக்கியமானவர். 1960-ல் இத்தாலிக்குப் போனவர், 1964 முதல் 1992 வரை நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தில் திபெத்திய, மங்கோலிய மொழிகளைக் கற்பித்தார். தன் உறவினரான ஒரு யோகியிடம் கற்ற யந்திர யோகாவை 1970-களில் இத்தாலிய மாணவர்களுக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். அமெரிக்காவின் பெர்க்லியில் 1969-ல் குடியேறிய தார்தாங் துல்கு, கும் நியே பயிற்சியைப் பரப்பினார். பொன் மரபைச் சேர்ந்த தென்சின் வாங்யால் ரின்போச்சே வர்ஜீனியாவில் லிக்மிஞ்சா நிறுவனத்தைத் தொடங்கி ட்சா லுங்கையும் ட்ரூல்கோரையும் கற்பித்தார். லூ ஜோங்கை ஐரோப்பாவில் பரப்பியவர் துல்கு லோப்சாங். நேஜாங் பரவியதில் டாக்டர் நிடா செனக்ட்சாங்குக்குப் பெரிய பங்கு உண்டு.

'குணப்படுத்தும் யோகா' என்ற பெயர் அழுத்தமாக ஒட்டியது இந்தக் கட்டத்தில்தான். மரபில் இந்தப் பயிற்சிகளின் நோக்கம் ஞானம். உடம்பு சரியாக இருந்தால்தான் தியானம் நிலைக்கும், அதற்கு இடைஞ்சலாக வரும் நோயை நீக்க அசைவுகள் உதவும் என்பது கூடவே வரும் பலன். தியானத்தைத் தேடாத, ஆனால் முதுகுவலியும் தூக்கமின்மையும் உள்ள புதிய மாணவர்களுக்கு அந்தக் கூடுதல் பலனே முதல் வரியாக மாறிவிட்டது. இதைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தெரிந்து வைத்திருக்கணும்.

இன்றைய டீச்சர் டிரெய்னிங்கில் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு குருவரிசையும் தன் பாடத்தைத் தானே தீர்மானிக்கிறது. எல்லோருக்கும் பொதுவான பாடத்திட்டமோ, பொதுத் தேர்வோ உலகத்தில் எங்கும் இல்லை.

ஒழுங்காக நடக்கும் பயிற்சிகளில் ஒரு வரிசை தெரியும். முதலில் மாணவராகக் கொஞ்ச காலம் சொந்தப் பயிற்சி. பிறகு அசைவுகளைச் சரியாகச் செய்கிறாரா என்று நேரில் பார்த்துத் திருத்துவது. அடுத்து, மற்றவர் செய்யும்போது எங்கே தப்பு நடக்கிறது என்று கண்டுபிடிக்கக் கற்பது. யாருக்கு எந்த அசைவு கூடாது என்பது தனிப் பாடம். கடைசியில் வகுப்பு எடுத்துக் காட்டித் தேறணும். அதற்கு மேலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மூத்த ஆசிரியரிடம் திரும்பப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும் வழக்கமும் சில இடங்களில் உண்டு.

யந்திர யோகாவில் ஆசிரியர்களுக்கே நிலைகள் இருக்கின்றன. முதல் நிலை ஆசிரியர் அடிப்படை அசைவுகளைத்தான் சொல்லித்தர முடியும். கடினமான பகுதிகளுக்கு மேல் நிலை வேண்டும். இது நல்ல ஏற்பாடு. 'உனக்கு இதுவரைதான் தெரியும்' என்று சான்றிதழே சொல்லிவிடுகிறது.

இன்னொரு பக்கம், கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லா யோகாவையும் போல இதுவும் ஆன்லைனுக்கு வந்துவிட்டது. வீடியோ பார்த்து, சில கட்டுரைகள் எழுதி அனுப்பினால் சான்றிதழ் என்ற வகையும் உண்டு. ஒன்பது மூச்சுகளை ஆன்லைனில் கற்கலாம், பெரிய ஆபத்தில்லை. அடிவயிற்றில் மூச்சை நிறுத்திக்கொண்டு உடம்பைத் திருகும் அசைவை, ஒருவர் எங்கே இறுக்குகிறார் என்று கேமரா வழியாக எப்படிப் பார்ப்பது? மூச்சை அடக்கும்போது தொண்டையை இறுக்குவது சாதாரணமாக நடக்கும் தப்பு. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் அது தெரியும்.

இந்தியாவில் இந்தச் சான்றிதழுக்கு மதிப்பு என்ன?

இங்கேதான் நிறைய பேர் குழம்புகிறார்கள். காரணம், திபெத்திய மருத்துவத்துக்கு இந்திய அரசின் அங்கீகாரம் இருக்கிறது. ஆனால் அந்த அங்கீகாரம் திபெத்திய யோகா ஆசிரியருக்குப் பொருந்தாது.

திபெத்திய மருத்துவத்தின் பெயர் சோவா ரிக்பா. லடாக், ஸ்பிட்டி, சிக்கிம், அருணாச்சலப் பிரதேசப் பகுதிகளில் காலங்காலமாக இருந்துவருகிறது. லடாக்கில் இந்த வைத்தியரை 'ஆம்ச்சி' என்பார்கள். 2010-ல் சட்டத் திருத்தம் மூலம் மத்திய அரசு இதை அங்கீகரித்தது. லே நகரில் தேசிய சோவா ரிக்பா நிறுவனம் அமைக்க 2019-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2020-ம் ஆண்டு வந்த இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ் யுனானி, சித்தா, சோவா ரிக்பா மூன்றுக்கும் சேர்த்து ஒரே வாரியம்தான். நம்ம சித்த மருத்துவமும் திபெத்திய மருத்துவமும் டெல்லியில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன என்பது பலருக்குத் தெரியாது.

இரண்டுக்கும் அடிப்படையிலும் உறவு தெரிகிறது. வாதம், பித்தம், கபம் என்று நாம் சொல்வதை அவர்கள் லுங், திரிபா, பேகென் என்கிறார்கள். நாடி பிடித்துப் பார்ப்பதும் உண்டு. தரம்சாலாவில் 1961-ல் மீண்டும் தொடங்கப்பட்ட மென்-ட்சீ-காங், சாரநாத்தில் உள்ள மத்திய உயர் திபெத்தியக் கல்வி நிறுவனம் போன்ற இடங்களில் வைத்தியராகப் பல ஆண்டுகள் முழுநேரமாகப் படிக்க வேண்டும். 'க்யூஷி' எனப்படும் நான்கு தந்திரங்கள் என்ற மூல நூலின் பகுதிகளை மனப்பாடமாகவே ஒப்பிக்கணும்.

ஆச்சரியம் என்னவென்றால், இந்த மருத்துவப் படிப்பின் மையத்தில் யோகா இல்லை. 'க்யூஷி' சொல்லும் சிகிச்சை வரிசை உணவு, நடத்தை, மருந்து, புறச் சிகிச்சை. ட்ரூல்கோர் என்பது வைத்தியர்களின் ஆன்மிகப் பயிற்சி மரபுகளில் வருகிறது. அதாவது சோவா ரிக்பா படித்த எல்லோரும் யோகா ஆசிரியர் இல்லை. திபெத்திய யோகா படித்த யாரும் அதனாலேயே ஆம்ச்சி ஆகிவிட முடியாது. பதிவு பெற்ற மருத்துவர் மட்டும்தான் நோயைக் கண்டறிந்து சிகிச்சை தரலாம்.

சரி, யோகா ஆசிரியர் என்ற வகையிலாவது அங்கீகாரம் உண்டா? ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் 2018-ல் யோகா சான்றிதழ் வாரியம் அமைக்கப்பட்டது. அதன் தேர்வுகள் பதஞ்சலி, ஹட யோக மரபை ஒட்டியவை. லூ ஜோங் சான்றிதழைக் காட்டி அந்தத் தேர்வில் விலக்கு கேட்க முடியாது. வெளிநாட்டு விளம்பரங்களில் அடிக்கடி வரும் 'யோகா அலையன்ஸ்' என்பது அமெரிக்காவின் லாப நோக்கற்ற அமைப்பு. 200 மணி நேரப் பயிற்சி என்ற அளவுகோல் அதன் வழியாகத்தான் பிரபலமானது. அது ஒரு பதிவேடு. அரசு உரிமம் கிடையாது.

தமிழ்நாட்டில் யோகா வழியாகச் சிகிச்சை தர வேண்டும் என்பதே ஒருவரின் நோக்கம் என்றால், அதற்குத் தனியாக பி.என்.ஒய்.எஸ். என்ற யோகா, இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பு இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியே உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, 'ஹீலிங்' என்ற சொல்லைப் பார்த்துக் குறுகிய கால கோர்ஸில் சேர நினைக்கும் பிள்ளைகளுக்கு வீட்டில் யாராவது இந்த வித்தியாசத்தைச் சொன்னால் நல்லது.

நிஜமாகவே குணப்படுத்துமா? ஆய்வு என்ன சொல்கிறது?

திபெத்திய யோகா குறித்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுபவை அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் நடந்தவை. பொன் மரபின் ட்சா லுங், ட்ரூல்கோர் அசைவுகளில் எளிமையானவற்றை எடுத்து, நோயாளிகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார்கள். அலெஹாந்த்ரோ சாவுல், லோரென்சோ கோஹன் ஆகியோர் இதில் முக்கியமான ஆய்வாளர்கள்.

முதல் ஆய்வு 2004-ல் 'கேன்சர்' என்ற ஆய்விதழில் வந்தது. நிணநீர்ப் புற்றுநோய் உள்ள 39 பேர் பங்கேற்றனர். 7 வாரம், வாரத்துக்கு ஒரு வகுப்பு. யோகா செய்தவர்களின் தூக்கம் மேம்பட்டது. சீக்கிரம் தூங்கினார்கள், அதிக நேரம் தூங்கினார்கள், தூக்க மாத்திரையின் தேவை குறைந்தது. பதற்றம், மனச்சோர்வு, உடல் அசதி ஆகியவற்றில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

அடுத்தது பெரிய ஆய்வு, அதே இதழில் 2018-ல் வெளியானது. மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருந்த 227 பெண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் திபெத்திய யோகா, இன்னொன்றுக்குச் சாதாரண ஸ்ட்ரெச்சிங், மூன்றாவது குழுவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும்.

ஒட்டுமொத்தத் தூக்கப் பிரச்னையிலும் அசதியிலும் மூன்று குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. பகல் நேரத் தடுமாற்றங்கள் மட்டும், சிகிச்சை முடிந்த ஒரு வாரத்தில், யோகா குழுவில் குறைவாக இருந்தன. ஆனால் வகுப்பு முடிந்த பிறகும் வாரத்துக்கு இரண்டு முறையாவது வீட்டில் தொடர்ந்து செய்த பெண்களுக்கு, மாதங்கள் கழித்துப் பார்த்தபோது தூக்கம் நன்றாக இருந்தது.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. தொடர்ந்து செய்ய முடிந்தவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் தெம்பாக இருந்தவர்களாகவும் இருக்கலாம். எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கஷ்டம்.

இரண்டு ஆய்விலும் கவனிக்க வேண்டியது ஒன்று. நோயாளிகள் எல்லோரும் மருத்துவ மையத்தின் கண்காணிப்பில் இருந்தவர்கள். யோகா கூடச் சேர்க்கப்பட்டதே தவிர, எதற்கும் மாற்றாக வைக்கப்படவில்லை. கட்டி சுருங்கியதா என்று ஆய்வு பார்க்கவே இல்லை. அளந்தது தூக்கம், அசதி, மனநிலை போன்றவற்றைத்தான். இந்த ஆய்வுகளைக் காட்டி 'திபெத்திய யோகா புற்றுநோயைக் குணப்படுத்துகிறது' என்று யாராவது சொன்னால், ஆய்வில் இல்லாததைச் சொல்கிறார் என்று அர்த்தம். அதை நம்பி ஒருவர் கீமோ தேதியைத் தள்ளிப்போட்டால் நஷ்டம் டீச்சருக்கு இல்லை.

'துறவிகள் பனியில் ஈரத் துணியை உடம்புச் சூட்டில் காயவைக்கிறார்கள்' என்ற கதையும் அடிக்கடி வரும். அதன் பின்னால் உள்ள 'தும்மோ' பயிற்சியை 1981-ல் தரம்சாலா பகுதியில் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் ஆராய்ந்தார். மூன்று துறவிகளின் விரல்களில் வெப்பம் 8.3 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்ததாக, அடுத்த ஆண்டு 'நேச்சர்' இதழில் எழுதினார். விரல்களில்தான், உடம்பு முழுவதும் இல்லை. அவர்கள் ஆண்டுக்கணக்கில் பயின்றவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்கணும்.

யார் செய்யக் கூடாது?

உயர் ரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய், குடலிறக்கம், வலிப்பு உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் மூச்சை நிறுத்தும் பயிற்சிகளை டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. எலும்புக்குப் பரவிய புற்றுநோய் உள்ளவர்களுக்கு, முதுகைத் திருகும் அசைவு எலும்பு முறிவில் முடியலாம்.

மனநலப் பக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. தவறான மூச்சுப் பயிற்சியால் வரும் கோளாறுக்குத் திபெத்திய மருத்துவமே பெயர் வைத்திருக்கிறது: 'சோக் லுங்', அதாவது உயிர்வாயுக் கோளாறு. படபடப்பு, தூக்கமின்மை, நெஞ்சில் இறுக்கம், காரணமில்லாத பயம், மனம் நிலைகொள்ளாமை எல்லாம் அதன் அறிகுறிகளாகச் சொல்லப்படுகின்றன. அளவுக்கு மீறி மனதையும் மூச்சையும் நெருக்கும் தியானிகளுக்கு இது வரும் என்று மரபே எச்சரிக்கிறது. பழைய குருமார்கள் அனுமதி கொடுக்க அவ்வளவு யோசித்ததற்கு ரகசியம் மட்டுமே காரணம் இல்லை என்பது இதில் இருந்து புரியும்.

'ஐந்து திபெத்தியர்கள்' பயிற்சி இதில் சேருமா?

யூடியூபில் 'திபெத்திய யோகா' என்று தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் இதுதான். கையை விரித்துச் சுற்றுவதில் தொடங்கும் ஐந்து அசைவுகள். முதுமையைத் திருப்பும் என்பார்கள்.

பீட்டர் கெல்டர் என்பவர் 1939-ல் அமெரிக்காவில் வெளியிட்ட ஒரு சிறு நூலில் இருந்து வந்தது இது. ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் இமயமலை மடாலயத்தில் கற்றதாகக் கதை. எந்தத் திபெத்திய நூலோ குருவரிசையோ இதற்கு ஆதாரமாகக் காட்டப்படவில்லை. உடற்பயிற்சியாகச் செய்வதில் தப்பில்லை. 'தொன்மையான திபெத்திய மருத்துவ யோகா' என்று சொல்லி இதற்கு டீச்சர் டிரெய்னிங் நடத்தினால், அங்கே பணம் கட்டும் முன் நன்றாக யோசிக்கலாம்.

பணம் கட்டும் முன் என்ன கேட்கணும்?

சொல்லித்தருபவர் யாரிடம் கற்றார், அவருக்குக் கற்பிக்க அனுமதி தந்தது யார் என்று நேராகக் கேட்கலாம். திபெத்திய மரபில் இது மரியாதைக் குறைவான கேள்வியே கிடையாது. குருவரிசையைச் சொல்வது அங்கே அறிமுகத்தின் ஒரு பகுதி. 'அது ரகசியம்' என்று பதில் வந்தால் கொஞ்சம் தள்ளி நிற்பது நல்லது. பயிற்சியின் நுணுக்கம் ரகசியமாக இருக்கலாம், குருவின் பெயர் ரகசியமாக இருக்கத் தேவையில்லை.

அடுத்து, நேரில் திருத்தும் வகுப்பு எத்தனை மணி நேரம், முடித்த பிறகு எந்தெந்த அசைவுகளைக் கற்பிக்கலாம், எவற்றைக் கூடாது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பௌத்த அல்லது பொன் தீட்சை எடுத்துக்கொள்வது கட்டாயமா என்பதையும் முன்பே கேளுங்கள். சில பயிற்சிகளுக்குக் கட்டாயம், பல பொது வகுப்புகளுக்குத் தேவையில்லை. பாதிப் பயிற்சியில் இது தெரியவந்தால் இரண்டு பக்கமும் சங்கடம்.

வகுப்பில் சேர வருகிறவரிடம் உடல்நிலை பற்றிக் கேட்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். பிபி இருக்கா, மாத்திரை எடுக்கிறீங்களா, ஆபரேஷன் ஏதாவது நடந்திருக்கா என்று எதுவுமே கேட்காமல் ஃபீஸை மட்டும் வாங்கும் இடத்தில், நாளைக்கு உங்கள் வகுப்புக்கு வரப்போகிறவரிடம் அதையெல்லாம் கேட்கணும் என்று உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்காது.